உங்க கை எங்க இருக்கு?

அவருடைய கைகளை நான் முழுதாகப் பார்த்தது அபூர்வம். எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். இடது மணிக்கட்டை வலது கை பிடித்திருக்கும். கல்யாணப் பந்தியில் மேற்பார்வை பார்க்கிற பெரிய மனிதர்கள் அப்படி நிற்பார்கள். இவர் பிள்ளைகள் நடுவில் அப்படி நிற்பார். அதற்குப் பெயர் மரியாதை என்பார். பிள்ளையின் முயற்சிக்குள் நம் கை நுழையாமல் இருப்பதுதான் அந்தப் பிள்ளைக்கு நாம் தரும் மரியாதையாம்.

அந்த அம்மாளின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆறு வயதுப் பிள்ளைகூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது அவர் சட்டம். அவரும் எல்லோரையும், பால்பல் விழாத பொடிசுகள் உட்பட, ‘வாங்க போங்க’ என்றுதான் பேசுவார். நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு அந்தப் பெயரே எனக்குக் கசந்துவிட்டது.

எடமலைப்பட்டி புதூரில் ஒரு வீட்டின் மாடியில் இருந்தது எங்கள் இடம். பள்ளிக்கூடம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். இருபது பிள்ளைகள். மணி கிடையாது, வகுப்பு கிடையாது, பரீட்சை கிடையாது. புத்தகங்கள் இருந்தன, திறக்கச் சொல்ல ஆள் கிடையாது. எதைக் கற்பது, எப்போது கற்பது என்று அவரவரே முடிவு செய்ய வேண்டும். பெரியவர்களாக அவர், நான், இன்னொருவர் என மூன்று பேர் கூட இருப்போம். கேட்டால் சொல்லலாம், கேட்காமல் சொல்லக் கூடாது. கேட்காமல் உதவக் கூடாது. அதைவிட முக்கியம், எந்தப் பிள்ளையிடமும் ‘இதை எடுத்துக் கொடு, அதைச் செய்’ என்று வேலை ஏவக் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீர்கூட நாங்களே எழுந்துபோய்த்தான் குடித்தோம்.

நான் சேர்ந்த முதல் வாரம் ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு டிபன் பாக்ஸ் மூடி இறுகிக்கொண்டது. பசி வேறு. பல்லால் கடித்தான், சட்டையால் பிடித்துத் திருகினான், அழுதான். அவர் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாங்கமாட்டாமல் எழுந்தேன்.

“ஸ்டெல்லா,” என்றார். குரல் ஏறவே ஏறாது அவருக்கு. “உங்க கை எங்க இருக்கு?”

நான் கையை இழுத்துக்கொண்டேன். இருபது நிமிடம் கழித்துப் பையன் டப்பாவைச் சுவரில் ஓங்கி அடித்தான். மூடி திறந்தது. எலுமிச்சைச் சாதம் பாதி தரையில் கிடந்தது. மிச்சத்தை விக்கி விக்கிச் சாப்பிட்டான். ஒரு மாதம் வரைக்கும், பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொன்னார். வந்தவர்களும் கண்கலங்கிக் கேட்டார்கள். தரையில் கிடந்த சாதத்தைக் கூட்டி அள்ளியது நான்.

நல்லது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என்னைப் பொய்க்காரி என்பீர்கள். ஒருநாள் பிள்ளைகளாகச் சேர்ந்து உப்புமா கிண்டினார்கள். அடியில் கருகி, மேலே வேகாமல், உப்பு இரண்டு தடவை விழுந்து வந்தது அது. செய்தவர்களே தொடவில்லை. அவர் ஒரு தட்டு நிறைய வாங்கி, முகம் சுளிக்காமல், கடைசி வாய் வரைக்கும் சாப்பிட்டார். அன்றைக்குச் சாப்பிட்ட கையைத்தான் நான் முதலில் முழுதாகப் பார்த்தேன். நரம்பு தெரிகிற, மெலிந்த, சாதாரணக் கை.

அவருக்கு ஏன் இந்தக் கைப் பைத்தியம் என்று ஒருமுறை அவரே சொன்னார். கைலாசபுரத்தில் கணவர் வேலை பார்த்த காலத்தில், ஒரே பையனை எட்டு வயது வரைக்கும் கையைப் பிடித்துப் பிடித்தே எழுத வைத்தாராம். எழுத்து குண்டு குண்டாக வருமாம். மாவட்டத்திலேயே நல்ல மார்க்காம். “இப்ப அவன் என் போனை எடுக்கறதில்ல ஸ்டெல்லா,” என்றார். நான் அப்போது உருகிப்போனேன். இப்போது யோசித்தால் ஆத்திரம்தான் வருகிறது. அவர் மகன் போனை எடுக்காததற்கு எங்கள் இருபது பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

அன்று நான் உருகியதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன் ஏழு வருடம் உறையூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். அங்கே ஸ்கேலால் அடிப்போம். எல்லோரும் அடித்தார்கள், நானும் அடித்தேன். ஒருநாள் ஒரு பையனை விரல் முட்டியில், ஸ்கேலின் விளிம்பால் அடித்துவிட்டேன். மறுநாள் அவன் வீட்டுப்பாடத்தை இடது கையால் எழுதிக்கொண்டு வந்தான். அந்த வருடமே வேலையை விட்டேன். மாடிக்கு வேலை கேட்டு வந்தபோது இதை அவரிடம் சொல்லி அழுதேன். வேறு யாரிடமும், வீட்டில்கூட, சொன்னதில்லை. அவர் என் வலது கையைப் பார்த்தார்.

“அடிச்ச கை,” என்றார். “கொஞ்ச நாள் பின்னாலயே இருக்கட்டும்.”

பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட ஐந்து ஜெபத்தோடு விட்டுவிடுவார்கள். இவர் மூன்றரை வருடம் என்னை விடவில்லை. ‘உங்க கை எங்க இருக்கு’ என்று மற்றவரிடம் கேட்டால் அது வெறும் நினைவூட்டல். என்னிடம் கேட்டால் அதற்குள் அந்தப் பையனின் விரல் முட்டி இருந்தது. அவருக்கு அது நன்றாகவே தெரியும் என்று நான் நினைக்கிறேன். தெரிந்தேதான் கேட்டார்.

பர்வீன் வந்தது நான் சேர்ந்த அதே மாதம். ஆறரை வயது. பாலக்கரைப் பக்கம் வீடு. அத்தா சவுதியில். இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கவில்லை என்று டீச்சர் கன்னத்தில் அறைந்ததால், அவள் அம்மா டி.சி. வாங்கிக்கொண்டு இங்கே கொண்டுவந்து சேர்த்தார். “படிக்கட்டும், படிக்காம போகட்டும், அடிக்காம இருந்தா போதுங்க,” என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பர்வீன் புத்தகப் பக்கமே வரமாட்டாள். மாடிச் சுவரேறி மாமரத்துக்குத் தாவுவாள். மண் குழைத்து அடுப்பு செய்வாள். யாராவது கதை வாசித்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள், படத்தைக் காட்டினால் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடுவாள். சாயந்தரம் தலை வலிக்கிறது என்று சுருண்டு படுப்பாள். ஏழு வயதாயிற்று, எட்டாயிற்று. எழுத்து வரவில்லை.

“அவங்களுக்கு மண்ணும் மரமும்தான் இப்ப புத்தகம்,” என்பார் அவர். “தயாரானதும் அவங்களே வருவாங்க.” சில பிள்ளைகள் அப்படித்தான் ஒன்பது வயதில், பத்து வயதில், ஒரே மாதத்தில் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். அதை நானே பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொய் என்று நான் சொல்லமாட்டேன். இந்தப் பிள்ளைக்குப் பொய்.

மழைநாளில் எல்லோரும் தாயம் ஆடுவார்கள். சோழியை உருட்டிப் போட்டதும் மற்றவர்கள் பார்த்த மாத்திரத்தில் எத்தனை என்று சொல்லிவிடுவார்கள். பர்வீன் மட்டும் குனிந்து, ஒவ்வொரு சோழியாக விரலால் தடவி, பிளந்த பக்கம் மேலே இருக்கிறதா என்று பார்த்துத்தான் எண்ணுவாள். “தொடாத, கலைஞ்சுரும்!” என்று மற்றவர்கள் கத்துவார்கள். நான் அதைப் பார்த்தேன். முதல் மழைக்காலத்திலேயே பார்த்தேன்.

அந்த வாரக் கூட்டத்தில் சொன்னேன். “பர்வீனுக்குக் கண்ணு ஒருதடவை செக் பண்ணிப் பாத்தா என்ன?”

“அவங்க கேட்டாங்களா?”

“இல்ல.”

“கண்ணு தெரியலன்னு சொன்னாங்களா?”

“சொல்லல. ஆனா...”

“அப்ப இது யாரோட கவலை? அவங்களோடதா, உங்களோடதா?” என் வலது கையைப் பார்த்தார். “வாசிக்கலன்னா ஏதோ கோளாறுன்னு நினைக்கறது பழைய ஸ்டெல்லா. உங்க கை எங்க இருக்கு?”

என் கை பின்னால் போயிற்று. வாயும் கூடவே போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் வந்தது. தாயம் ஆடினார்கள். அவள் தடவித் தடவி எண்ணினாள்.

தினமும் நாலு மணிக்கு அவள் அம்மா ஸ்கூட்டியில் வந்து கேட் அருகில் நிற்பார். “என்னங்க மிஸ், ஏதாச்சும் எழுத்து புடிபடுதா?” என்று என்னிடம்தான் கேட்பார். நான் மேலே அவர் சொல்லிக்கொடுத்திருந்த பதிலைச் சொல்வேன்: “நல்லா இருக்காங்க. அவங்க நேரம் வரும்.” சொல்லும்போது நானும் கையைப் பின்னால் கட்டியிருப்பேன்.

கண்டுபிடித்தது நாங்கள் மூன்று பேரும் இல்லை. கீழ் வீட்டில் ஜாக்கெட் தைக்கிற அக்கா. எங்கள் சட்டமெல்லாம் மாடிப்படியோடு சரி, கீழே அவருக்கு யார் சட்டம் போடுவது? ஒரு மத்தியானம் படியில் உட்கார்ந்திருந்த பர்வீனைக் கூப்பிட்டார். “ஏ புள்ள, இந்த ஊசியில நூலக் கோத்துக் குடுடி.”

மூன்றரை வருடத்தில் அவளிடம் முதன்முதலாக ஒரு வேலை சொன்னவர் அவர்தான். நான் மாடிப்படியின் திருப்பத்தில் நின்றிருந்தேன். பர்வீன் நூலை நாக்கில் தொட்டு, முறுக்கி, ஊசிக்கு நேராகக் கொண்டுபோனாள். நூல் காற்றில் குத்திக்கொண்டே இருந்தது. ஊசிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அக்கா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. தையல் மிஷினிலிருந்து இறங்கி, ஒரு பட்டனை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“இதுல எத்தன ஓட்ட இருக்கு? ரெண்டா, நாலா?”

பர்வீன் விரலை நீட்டினாள். அக்கா கையை எட்ட இழுத்துக்கொண்டார். “தொடாம சொல்லு.”

பர்வீன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “ரெண்டு,” என்றாள் கடைசியில். நாலு ஓட்டை.

அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு மாடி ஏறினார். “இந்தப் புள்ளைக்குக் கண்ணு தெரியலம்மா! இத்தன பேரு நாள் பூரா உக்காந்து என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?” கூடம் முழுக்கக் கேட்டது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பிடித்திருந்த கை மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

கண் டாக்டரிடம் நாங்கள் நாலு பேர் போனோம். பர்வீன், அவள் அம்மா, அவர், நான். சொட்டு மருந்து விட்டு, உட்காரவைத்து, திரும்பப் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் பெரிய பவர். இடது கண்ணில் ரொம்ப அதிகம்.

“ஆறு வயசுல கண்ணாடி போட்டிருந்தா பெரும்பாலும் சரியாயிருக்கும்,” என்றார் டாக்டர். “தெளிவாப் பாத்துப் பழகாத கண்ணுகிட்ட மூளை வேலை வாங்கறத விட்டுடும். வலது கண்ணு நல்லா வரும். இடது கண்ணு... நல்ல கண்ணை மூடிப் பயிற்சி குடுக்கலாம். ஓரளவுக்குத்தான் வரும். ஏன் இத்தனை நாள் விட்டீங்க? பிள்ளை சொல்லலையா?”

எல்லோரும் பர்வீனைப் பார்த்தோம்.

“எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நெனச்சேன்,” என்றாள். “எல்லாரும் கஷ்டப்பட்டுப் படிக்கிறாங்க, நான்தான் சோம்பேறின்னு நெனச்சேன்.”

வெளியே மருந்துச் சீட்டுக்கு நிற்கும்போது அவள் அம்மா அவர் எதிரில் வந்து நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“அந்த ஸ்கூல்ல அடிச்சாங்க,” என்றார். “அடிக்கிறதுக்காச்சும் என் புள்ள மூஞ்சியப் பாத்தாங்க. நீங்க பாக்கவே இல்லியே.”

யார் என்ன கேட்டாலும் ‘நீங்க என்ன நினைக்கறீங்க’ என்று திருப்பிக் கேட்கிறவர், அன்றைக்கு அதுகூடக் கேட்கவில்லை. மறுவாரம் நான் வேலையை விட்டேன். போகும்போது அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது வருடமாக நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்கம்பக்கத்தில், கல்யாண வீட்டில், சர்ச்சில் பூசை முடிந்து நிற்கிற இடத்தில். சுயமாகக் கற்கட்டும், சுதந்திரமாக விடணும் என்று யாராவது வாய் திறந்தால் போதும், நான் ஆரம்பித்துவிடுவேன். பிடிவாதக்காரி, ஒரு குழந்தையின் கண்ணைக் கெடுத்தாள் என்பேன். நான் கூட்டத்தில் சொன்னேன், அவள் கேட்கவில்லை என்பேன். கேட்கிறவர்கள் ‘ச்சூ’ கொட்டுவார்கள். தாயமும் சோழியும் அந்தக் கதையில் வராது. ஒரு மழைக்காலமா, மூன்று மழைக்காலமா என்று யாரும் கேட்டதுமில்லை. அந்த மாடியைக் கொரோனா சமயத்தில் மூடிவிட்டார்கள் என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

போன மாதம் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு வாசலில் பர்வீன் வந்து நின்றாள். நான் இங்கே கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அவள் பி.காம். முதல் வருடம், புள்ளியியல் புரியவில்லை, யாரோ என் பெயரைச் சொன்னார்களாம். தடிமனான கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. பேசும்போது முகத்தை லேசாக இடப்பக்கம் திருப்பி, வலது கண்ணால் பார்த்தாள்.

காபி கொடுத்துவிட்டு, நானாகவே அவரைப் பற்றி எடுத்தேன். திட்டுவதற்குச் சரியான ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

“அவங்களா?” என்றாள் பர்வீன். “ஒன்றரை வருஷம் தினமும் காலையில எங்க வீட்டுக்கு வந்தாங்க மிஸ். நல்ல கண்ணுல ஒட்டுப் போடணும்ல, நான் பிச்சுப் பிச்சு எறிஞ்சுருவேன். அவங்கதான் ஒட்டிட்டு, ரெண்டு மணி நேரம் உக்காந்திருப்பாங்க. மொதல்ல அம்மா உள்ளயே விடல. ஒரு வாரம் வாசல்லயே நின்னாங்க. எனக்கு அ, ஆ சொல்லிக் குடுத்ததே அவங்கதான். கையப் புடிச்சு எழுத வெச்சாங்க.”

“கையப் புடிச்சா எழுத வெச்சாங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“ஆமா. அவங்க கை நடுங்கும். என் எழுத்தும் நடுங்குனாப்லதான் வரும்.”

எனக்கு மனம் இளகியது என்று எழுத ஆசைதான். இளகவில்லை. எரிந்தது. எங்கள் எல்லோர் கையையும் கட்டிப்போட்டுவிட்டு, தான் மட்டும் போய்ப் பரிகாரம் செய்திருக்கிறார். அதையும் யாரிடமும் சொல்லாமல் செய்திருக்கிறார். நான் ஒன்பது வருடம் சொல்லிவந்த கதையில் இதை எங்கே வைப்பது?

“உங்களப் பத்தியும் சொன்னாங்க மிஸ்,” என்றாள். “ஸ்டெல்லா அப்பவே சொன்னாங்க, நான்தான் கேக்கல, தப்பு முழுக்க என்னோடதுன்னு. அம்மாகிட்டயும் அதையேதான் சொன்னாங்க.”

நான் தலையாட்டினேன். நானே ஊரெல்லாம் சொன்னதுதான். அவரே சொன்னதாகக் கேட்டபோது ஏனோ முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

பர்வீன் பையிலிருந்து நோட்டை எடுத்து மடியில் வைத்தாள். திறக்கவில்லை. முகத்தைத் திருப்பி, அந்த ஒரு நல்ல கண்ணால் என்னைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள நினைத்ததைக் கேட்கிற குரல்.

“அவங்க கேக்கல, சரி. எங்கம்மா தினமும் நாலு மணிக்குக் கேட்டுல வந்து நிப்பாங்கல்ல. உங்ககிட்டதானே கேப்பாங்க. அம்மாகிட்ட ஏன் மிஸ் சொல்லல?”

தெருவில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சொல்ல எவ்வளவோ இருந்தது. ஸ்கேலைப் பற்றி, அந்தப் பையனின் விரலைப் பற்றி, அடித்த கை என்று அவர் சொன்னதைப் பற்றி. எதுவும் அவள் கேட்டதற்குப் பதில் இல்லை.

அவள் பார்வை என் முகத்திலிருந்து மெல்லக் கீழே இறங்கி, என் தோள், என் முழங்கை என்று போய் நின்றது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்று.